உளுந்து பரப்பிய சாலையில் ஒரு டிரைவிங் கிளாஸ்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். என் வலது காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசந்தால் போதும், அது தானாகத் தரையைத் தேடி மிதிக்க ஆரம்பித்துவிடுகிறது. "யாரப் போட்டு இந்த அமுக்கு அமுக்குற?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கனவில் பார்த்தால், சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற சாலை நீண்டுகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் வயல். பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள், முகம் தெரியாது. இன்ஜின் சத்தம் இருக்காது, ஹாரன் இருக்காது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நான் இடது சீட்டில் என் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

டிரைவிங் ஸ்கூலுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, கற்றுக்கொடுப்பவர் காலடியில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக்தான் இனிமேல் உங்கள் பிழைப்பு. கிளட்ச் எப்படி, ரிவர்ஸ் எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே அலுத்துப்போகும். எப்போது அமுக்குவது, எப்போது அமுக்காமல் சும்மா இருப்பது என்பதுதான் லேசில் வராது. எனக்கு வர வருஷக்கணக்கானது.

நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓட்டப் பழகுகிறவரை "பெல்ட்டு போடுங்க சார், பெல்ட்டு போடுங்க மேடம்" என்று அதட்டுவோம். நாம் போட மாட்டோம். கேட்டால் காரணம் தயாராக இருக்கும். ஆபத்து வந்தால் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும், பெல்ட் போட்டால் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். 2004இல் நான் கடலூரில் இந்த வேலைக்கு வந்தபோது எங்கள் ஸ்கூலில் பெண் என்று நான் ஒருத்திதான். நான் பெல்ட் போடுவதைப் பார்த்து மற்ற இன்ஸ்ட்ரக்டர்கள் சிரிப்பார்கள். "அக்கா ஏரோப்ளேன்ல போறாங்கடா" என்பார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டேன், வண்டியை ஆஃப் செய்து சாவியை மடியில் போட்டுக்கொள்வேன். அதுதான் என் குணம்.

பெல்ட் போட்டுப் போட்டு நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். மெதுவாகச் சாய்ந்தால் அது கூடவே நீண்டு வரும். வெடுக்கென்று சாய்ந்தால்தான் பிடித்துக்கொள்ளும். ஆக, பெல்ட் போட்ட இன்ஸ்ட்ரக்டருக்குக் கடைசி நொடியில் பாய்கிற வசதி கிடையாது. தூரத்தில் எதையாவது பார்த்தவுடனே கை நகர ஆரம்பித்துவிட வேண்டும். பெல்ட் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. பிறகு சிதம்பரத்துக்கு மாறி வந்தபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது.

சிதம்பரத்தில் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள் கலைச்செல்வி. கீரப்பாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. அவள் குடும்பத்தில் முதன்முதலில் சம்பளம் வாங்கியவள் அவள்தான். கணவன் சேகருக்குக் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. குழந்தை பிறந்ததும் எல்லோருமாகச் சிப்காட்டை ஒட்டிய செம்மங்குப்பம் பக்கம் குடிபோவதாகப் பேச்சு. அங்கிருந்து கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறிக் கீரப்பாளையம் வர முடியாது. வீட்டில் வாங்கிப் போட்ட பழைய கார் ஒன்று நின்றது. சேகரின் அக்கா வீட்டுக்காரர், அதாவது அந்த வீட்டு மாப்பிள்ளை, தீர்ப்பு மாதிரி ஒன்று சொல்லியிருந்தார். பிரசவத்துக்குள் லைசென்ஸ் எடுத்தால் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்று. அந்த வீட்டில் மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். கலைச்செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அவள் தனியாக வர மாட்டாள். மாமியாரும் கூடவே வருவார். பெயர் முத்துலட்சுமி. தினமும் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மருமகள் கியர் மாற்றும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்பார். நல்ல மனுஷிதான். மருமகளுக்கு ஒரு டப்பாவில் மாதுளம்பழம் உதிர்த்து எடுத்து வருவார். எனக்கும் ஒரு கை கொடுப்பார். ஆனால் முதல் நாளே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

"ஏம்மா, மாசமா இருக்குற பொண்ண இப்படியா வாரு போட்டுக் கட்டுவாங்க?" என்றார். "பாவாட நாடாவையே தளத்திக் கட்டுடின்னு சொல்லிக்கிட்டு இருக்கறவ நானு. இத இழுத்துக் கட்டுனா உள்ளாற இருக்குற புள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது பதில் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசக் கூடாது. அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. கலைச்செல்வி காட்டுகிற டாக்டரம்மாவிடமே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் எழுந்து வந்து, தன் துப்பட்டாவையே எடுத்து அவள் மேல் வைத்துக் காட்டினார். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரவே கூடாது, வயிற்றுக்கு அடியில் இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை தோளிலிருந்து இறங்கி நெஞ்சுக்கு நடுவாக, வயிற்றைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும். போடாமல் மட்டும் போகாதே என்றார்.

மறுநாள் வண்டியில் ஏறியபோதும் முத்துலட்சுமி அம்மாள் மசியவில்லை. "டாக்டரம்மாவுக்கு என்னா, ஆயிரம் சொல்லுவாங்க. பெத்து வளத்தவளுக்குத்தான் தெரியும்."

நான் சாவியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். ஸ்கூல் கார் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. பங்குனி வெயில். உள்ளே மூன்று பெண்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக்காரி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் பின்னாலிருந்து, "சரி, போட்டுத் தொலைடி" என்று குரல் வந்தது.

"நீங்களுந்தாம்மா" என்றேன்.

"பின்னாடி குந்தியிருக்கற எனக்கெதுக்கு? நானா ஓட்டப்போறேன்?"

"எல்லாரும் போட்டாத்தான் எனக்கு வண்டி ஓடும்."

"ரொம்பத்தான் ஜாஸ்தி பண்றீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார். பின் சீட் கவர் தைத்தவன் பெல்ட் லாக்கைக் கவருக்குள் அமுக்கித் தைத்துவிட்டிருந்தான். கத்தரிக்கோலால் துணியை வெட்டி நான்தான் அதை வெளியே எடுத்து விட்டிருந்தேன். அதன் பிறகு தினமும் கண்ணாடியில் பார்ப்பேன். அவர் மேல் குறுக்காகப் பட்டை தெரியும். நிம்மதியாக "போலாம்மா" என்பேன்.

டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. கலைச்செல்விக்குக் கை நன்றாக வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அவளுடைய அலுவலகச் சாலையிலேயே ஓட்டட்டும் என்று கீரப்பாளையம் பக்கம் போனோம். வழக்கமாக முத்துலட்சுமி அம்மாள் மருமகளுக்கு நேர் பின்னால்தான் உட்காருவார். அன்றைக்கு வலது பக்கம் வெயில் அடிக்கிறது என்று இடம் மாறி என் பின்னால் உட்கார்ந்தார். முன்னால் இருவரும் பெல்ட் மாட்டிய சத்தம் கேட்டேன். கண்ணாடியில் பின்னால் பட்டையைப் பார்த்தேன். கிளம்பினோம்.

அந்தக் காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வயலெல்லாம் லேசான பனி, தரையை ஒட்டிக் கலையாமல் கிடந்தது. கொக்குகள் அதில் பாதி மறைந்து நின்றன. வாய்க்கால் தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. கலைச்செல்வி சீராக ஓட்டினாள். பிறகு திடீரென்று, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மேடம், போன வாரம் மொத மொத அசஞ்சிச்சி" என்றாள். "மீனு வால ஆட்டுன மாதிரி." பின்னாலிருந்து மாமியார் சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். மூன்று பேரும் ஏதோ ஒரே போர்வைக்குள் இருப்பது போல இருந்தது. இப்படியே இந்தச் சாலை முடியாமல் போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அது உளுந்து பிடுங்குகிற காலம். நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். காய்ந்த உளுந்துச் செடியைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் அதன் மேல் ஏறி ஏறி நெற்று உடைந்து பயறு உதிரும். பிறகு கூட்டி அள்ளி முறத்தில் புடைப்பார்கள். நாமும் குறை சொல்ல மாட்டோம், ஏறித்தான் போவோம். ஆனால் அதன் மேல் சக்கரம் வழுக்கும், எண்ணெயில் கால் வைத்தது மாதிரி. உளுந்து மேல் பிரேக் போடாதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். வழியில் இரண்டு இடத்தில் அவள் அழகாகக் கடந்தாள்.

மூன்றாவது இடம் ஒரு வளைவில் இருந்தது. வளைவு தாண்டி இடது பக்கம் ஒரு மதகு, அதற்குக் குட்டையாக ஒரு பக்கச் சுவர். சுவருக்கு அப்பால் ரோட்டோரத்தில் இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். சரியாக அதே நேரம் எதிரே சிதம்பரம் போகிற பஸ் வந்தது. பஸ்ஸின் நெற்றியைப் பார்த்தவுடனேயே என் கை ஸ்டியரிங் பக்கம் நகர்ந்துவிட்டது. கலைச்செல்வி மிரண்டுபோய் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டாள்.

வண்டி வழுக்கியது. அது வேகம் மாதிரியே இல்லை. சத்தமே இல்லாமல் செடியின் மேல் மிதந்துகொண்டு போனது. தூசி மெதுவாக எழும்பியது. நெற்றுகள் பொரிகிற மாதிரி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சக்கரம் பூட்டியிருந்ததால் ஸ்டியரிங் திருப்பிப் பயனில்லை. என் பிரேக்கும் பயனில்லை. அவள் கால் எடுத்தால்தான் வழி. கத்தியிருந்தால் இன்னும் அழுத்தியிருப்பாள். அவள் காதருகே மெதுவாக, "கலை, காலத் தூக்கும்மா" என்றேன். தூக்கினாள். ஸ்டியரிங்குக்கு உயிர் வந்தது.

அப்போது எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. போகிற போக்கில் விட்டால் அந்த இரண்டு பெண்கள். வலப்பக்கம் ஒடித்தால் பஸ். இடப்பக்கம் ஒடித்தால் சுவர். உள்ளே ஐந்து மாதக் கர்ப்பிணி இருக்கிறாள். நான் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்துத்தான் எடுத்தேன். மூன்று பேரும் பெல்ட் போட்டிருக்கிறோம், தாங்கும் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கை இல்லையென்றால் என் கை என்ன செய்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மோதியபோது என் சீட் முதுகில் யாரோ நெல் மூட்டையை எறிந்த மாதிரி ஓர் இடி விழுந்தது. பிறகு எல்லாம் அமைதியாகிவிட்டது. உளுந்துத் தூசி காருக்குள் வெயிலில் பறந்துகொண்டிருந்தது. கலைச்செல்வி நேராக உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் வயிற்றின் மேல். கண் திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். முத்துலட்சுமி அம்மாள் என் சீட்டுக்கும் அவர் சீட்டுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தார். முகத்தில் ரத்தம். ஒரு கை தொங்கியது. அவருடைய பெல்ட் அறுந்துபோகவில்லை, லாக்கும் உடையவில்லை. பெல்ட் மாட்டப்படவே இல்லை. போலீஸைப் பார்த்ததும் சிலர் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு நுனியைத் தொடைக்கு அடியில் ஒளிப்பார்களே, அதே மாதிரி தினமும் எனக்காக ஒரு வேஷம் போட்டிருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், கண்ணாடியில் பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இறங்கிப் போய்க் கையால் இழுத்துப் பாருங்கள். மாமியாராக இருந்தாலும் கலெக்டராக இருந்தாலும் இழுத்துப் பாருங்கள். கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். அவர் மட்டும் அன்றைக்கு வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த மூட்டை மாதிரியான இடி மருமகளின் முதுகில் விழுந்திருக்கும்.

பஸ் நின்றது. உளுந்து புடைத்த பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாமியாரைத் தூக்கினார்கள். அந்தப் பஸ்ஸிலேயே சிதம்பரத்துக்குப் போனோம். ஆட்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஜன்னலில் அதே வயல், அதே வாய்க்கால் பின்னோக்கிப் போனது. காலையில் பார்த்ததெல்லாம் வேறு யாரோ பார்த்தது போல இருந்தது. கலைச்செல்வி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "மேடம், அசையுதா இல்லையான்னு தெரில" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எதிர் சீட்டில் படுத்திருந்த மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள். முத்துலட்சுமி அம்மாளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, மூக்கில் தையல். கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்து ஒரு பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தார்கள். படுத்துக்கொள்ளச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையசைத்தார். மருமகள் இருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முதலில் வந்தார். சேகர் சிப்காட்டிலிருந்து யூனிபார்மோடு ஓடிவந்தான். ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, "வலது தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் பெல்ட்டு அச்சு அப்படியே கன்னிப்போயிருக்கு, டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? அச்சு விழுற அளவுக்கு அமுக்கியிருக்கு. வயித்துப்புள்ளக்காரிக்கு வாரு மாட்டுனது நீங்கதான? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இடப்பக்கம் ஒடித்தது என் கை. சுவரைத் தேர்ந்தெடுத்தது நான். பெல்ட் தாங்கும் என்று நம்பியது நான். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அது என் கணக்கில்தான் வரும் என்று நின்றேன். நம் வேலையில் இப்படி ஒரு நேரம் வந்தால் ஓடிப்போகாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். அன்றைக்குத் துப்பட்டாவை வைத்துக் காட்டியவர்தான். "இதயத்துடிப்பு நல்லா இருக்கு" என்றார். "ரெண்டு நாள் இங்கயே வச்சிப் பாக்கணும். பட்டை வயித்துல படல, எலும்பு மேலதான் பதிஞ்சிருக்கு. தாயும் புள்ளையும் அதனாலதான் தப்பிச்சாங்க."

சேகர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். ஆனால் மாப்பிள்ளைக்கு மனசு ஆறவில்லை.

"ஏதோ தப்பிச்சிச்சி, அவ்ளோதான்" என்றார். "இந்த வம்பே வேணாம் சேகரு. காரும் வேணாம், பெல்ட்டும் வேணாம், வேலையும் வேணாம். எழுந்ததும் ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லு."

சேகர் தரையைப் பார்த்தான். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பையன்.

"மாப்ள, செத்த இருங்க."

முத்துலட்சுமி அம்மாள்தான். மூக்கில் கட்டு இருந்ததால் குரல் அடைத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்துகூட அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

"இந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. காலைல வண்டில ஏறுறதுக்கு முன்னாடி நான்தான் அவகிட்ட சொன்னேன். என்ன மாதிரியே சும்மா மேல போட்டுக்க, லாக்குல மாட்டாத, இந்தம்மாவுக்குத் தெரியவாப் போவுதுன்னு. தலைய ஆட்டுனா. நானும் சரின்னுட்டு ஏறிக் குந்திட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"கட்டிக்கிட்டு வந்த நாளுலேர்ந்து எம் பேச்ச ஒரு நாளு தட்டுனதில்ல மாப்ள. இன்னைக்குத் தட்டியிருக்கா. தட்டாம இருந்திருந்தா அவளும் இல்ல, புள்ளையும் இல்ல. நானே கொன்னுட்டு இங்க வந்து குந்தியிருப்பேன்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. கட்டுப் போடாத கையால் மகனின் தோளைத் தொட்டு, "எழுந்திரு சேகரு" என்றார். "டெஸ்ட்டு என்னைக்கின்னு இந்தம்மாகிட்ட கேட்டு வச்சிக்க. அவ வேலைக்குப் போவா."